மூடினால் கூடும் வெளிச்சம்

அம்மா மன்னார்குடியிலிருந்து வந்தால் கூடத்தில்தான் படுப்பாள். படுக்கையறையை விட்டுத் தருகிறோம் என்று நானும் மனைவியும் எத்தனை முறை சொன்னாலும் ஜமக்காளத்தை விரித்துத் தலையணையைத் தட்டிப் போட்டுவிடுவாள். பெங்களூரு அல்சூரில் எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. கூடம் என்று நான் சொல்வதே கொஞ்சம் மரியாதைக்காகத்தான். அங்கே தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில், அம்மாவின் தலைமாட்டிலிருந்து ஆறடி தள்ளி, நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் சாதனம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எட்டு அங்குலத் திரை. பகலில் வானிலை சொல்லும், வாசலில் நிற்பது யார் என்று காட்டும். இரவில் மணி காட்டும். அணையவே அணையாது. அதுதான் அதன் பெருமை என்று எங்கள் விளம்பரத் தாளில் அச்சடித்திருக்கிறோம்.

வந்த முதல் நாள் இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா கூரையைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாள். முகத்தின் ஒரு பக்கம் வெளிர் நீலமாக இருந்தது. "ஏண்டா, இது தூங்கவே தூங்காதா?" என்றாள்.

குறைத்துவிடுகிறேன் என்று திரையைத் தொட்டேன். ஸ்லைடர் ஏற்கெனவே இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அடியில் '0%' என்று எழுதியிருந்தது. அந்த ஸ்லைடரை வடிவமைத்த குழுவில் நானும் ஒருவன். அந்தப் பூஜ்யத்தை எழுதியது நானேதான்.

அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அணைத்தால் மணி எப்படித் தெரியும்?" என்றாள். அம்மா நாலரைக்கு எழுந்திருக்கிறவள். அதற்கு முன்பு மூன்று தடவையாவது மணி பார்ப்பாள். எழும் நேரம் இன்னும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆக அவளுக்கு அந்தப் பெட்டி வேண்டும், அதன் வெளிச்சம் வேண்டாம். இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

பூஜ்யம் ஏன் பூஜ்யமாக இல்லை என்று அவளிடம் விளக்க முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு கதை இருந்தது. ஸ்லைடரை உண்மையான பூஜ்யம் வரை இறக்கவிட்டால் யாராவது அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிறகு கறுப்புத் திரையில் ஸ்லைடர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சாதனம் செத்துப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைப்பார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் செலவு. எனவே அடியில் ஒரு தளம் போட்டோம். திரைக்குப் பின்னாலிருக்கும் எல்.இ.டி. விளக்கை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைத்து ஏற்றித்தான் ஒளியைக் குறைக்கிறோம். எரிகிற நேரம் குறையக் குறைய வெளிச்சம் குறையும். அந்த நேரத்தை 255 பங்காகப் பிரித்திருந்தோம். 255 என்றால் முழு ஒளி, எங்கள் திரையில் 400 நிட். நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு. பத்துக்குக் கீழே போகக் கூடாது என்று நிரலில் ஒரு வரி. பத்துப் பங்கு என்றால் சுமார் 16 நிட். நானூறில் பதினாறு, நான்கு சதவீதம், இது ஒரு வெளிச்சமா என்று மதியம் மூன்று மணிக்கு, குழல்விளக்குகளின் கீழே உட்கார்ந்து முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டினேன்.

மெழுகுவத்தி ஒன்றை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ். விளக்கணைத்த எங்கள் கூடத்தில், திரைச்சீலை வழியாகத் தெருவிளக்கு கசிந்தும், அந்த அளவுகூட இல்லை. ஒரு லக்ஸ் என்றே வைத்துக்கொண்டாலும் வெள்ளைச் சுவர் திருப்பித் தருவது அதிகபட்சம் 0.3 நிட். பக்கத்தில் எங்கள் '0%' திரை 16 நிட்டில் நிற்கிறது. அறையிலேயே வெளுப்பான பொருளைவிட ஐம்பது மடங்கு. பகலில் அதே விகிதத்தில் ஒன்றை உங்கள் முகத்துக்கு நேராக வைத்தால் கையால் கண்ணை மறைத்துக்கொள்வீர்கள்.

நுங்கம்பாக்கத்துக்காரர்

தினமும் அல்சூரிலிருந்து கோரமங்களாவுக்குப் போகிறேன். இரண்டாம் பிளாக்கில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. வாகன நெரிசலில் அதன் பக்கமாக ஊர்ந்து போகும்போதெல்லாம் எனக்கு நார்மன் பாக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் நினைவுக்கு வருவார். அந்த நிறுவனம் தன் வம்சாவளியை 18ஆம் நூற்றாண்டு மதராஸ் வானாய்வகத்திலிருந்து எண்ணுகிறது. அந்த ஆய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1861 முதல் 1891இல் இறக்கும்வரை பாக்சன் அங்கேதான் வேலை பார்த்தார். வந்த வருடமே சென்னை வானத்தில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். ஆனால் என் தொழிலுக்கு அவர் செய்த உதவி அதற்கு முன்பே, 1856இல், இங்கிலாந்தில் இருந்தபோது செய்தது.

பழைய கிரேக்கர்கள் விண்மீன்களை ஆறு தரமாகப் பிரித்திருந்தார்கள். கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிபவை முதல் தரம், விழி பிதுங்கப் பார்த்தால் தெரிபவை ஆறாம் தரம். வெறுங்கண் போட்ட மதிப்பெண். பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனைவிட ஏறக்குறைய நூறு மடங்கு ஒளி தருகிறது என்று தெரிந்தது. ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று அதையே விதியாக்கிவிடலாம் என்றார் பாக்சன். அப்படியானால் ஒரு படிக்கு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், துல்லியமாக 2.512. கண்ணுக்குச் சமமான படிகளாகத் தெரிபவை உண்மையில் சமமான மடங்குகள். கண்ணுக்குக் கூட்டல் தெரியாது, பெருக்கல்தான் தெரியும்.

அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் மாறும் விண்மீன் ஒன்றை, அதாவது ஒளி கூடிக் குறையும் மீனை, கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் மாறும் மீனைக் கவனிப்பதென்றால், அக்கம்பக்கத்து மீன்களோடு அதை ஒப்பிட்டு, இதைவிடக் கொஞ்சம் மங்கல், அதைவிடக் கொஞ்சம் தெளிவு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியை அறிவதற்குக் கண்ணிடம் வேறு வழியே கிடையாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடும், அவ்வளவுதான்.

எங்கள் ஸ்லைடரோ கூட்டல் கணக்கில் ஓடியது. வலது ஓரத்தில் 254க்கும் 255க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. இடது ஓரத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பாகிறது. ஸ்லைடரின் பாதிக்கு மேல் விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. கடைசி அரை அங்குலத்தில் எல்லாம் நடந்துவிடும். இது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஆண்ட்ராய்டுகூட 2018இல், ஒன்பதாம் பதிப்பில்தான் தன் ஸ்லைடரைக் கண்ணின் கணக்குக்கு மாற்றிக்கொண்டது என்பது எனக்கு அற்ப ஆறுதல். பாக்சனின் கணக்கில் 400 நிட்டிலிருந்து 0.4 நிட்டுக்கு ஆயிரம் மடங்கு, அதாவது ஏழரைப் படி. அரைப் படியாக வைத்தால் பதினைந்தே நிலைகள் போதும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். நூறு சதவீதம் காட்டுவது வெறும் அலங்காரம்.

ஈரிழைத் துண்டு

இரண்டாம் நாள் இரவு அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தோளில் போடும் வெள்ளை ஈரிழைத் துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்திவிட்டாள். மணி பார்க்க வேண்டுமென்றால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பரவாயில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னாள்: "மூடினால் இன்னும் கூடுகிறதடா."

நான் நம்பவில்லை. வெள்ளைத் துணி ஒளியைப் பரத்திக் காட்டும், அதனால் அப்படித் தோன்றியிருக்கும் என்று பெரிய அறிவாளிபோலச் சொன்னேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. டம்ளரை ஆற்றிக்கொண்டே, "ஓரத்தைத் தூக்கினால் மூஞ்சியில் டார்ச் அடித்த மாதிரி இருந்தது; கொஞ்ச நேரம் கழித்து அதுவாகத் தணிந்தது. மறுபடி மூடினேன், மறுபடி ஏறிக்கொண்டது" என்றாள். தணிந்தது, ஏறிக்கொண்டது. மாறும் விண்மீனைக் கவனித்தவர்களும் இப்படித்தான் குறிப்பெடுத்திருப்பார்கள்.

சாதனம் என்னுடையதென்பதால் அதன் பதிவேட்டைப் பார்க்க முடியும். அன்று மாலை கணினியில் இணைத்து முந்தின இரவின் எண்களை இறக்கினேன். திரையின் மேல் விளிம்பில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், கடுகளவு சென்சார் ஒன்று அறை வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கும். பத்து மணிக்கு விளக்கணைத்ததும் அது பூஜ்யம் காட்டியிருந்தது. திரை தன் தளமான பத்துக்கு இறங்கியிருந்தது. 10:20க்குச் சென்சார் திடீரென்று 4 லக்ஸ் என்கிறது. பிறகு 9, 17, 31. இரண்டு நிமிடத்துக்குள் 48. அங்கேயே நின்றுவிட்டது. இருண்ட அறையில், துணி போர்த்திய ஒரு திரை, இங்கே யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டியிருக்கிறது.

யாரும் போடவில்லை. திரையின் ஒளி வெள்ளைத் துண்டில் பட்டுத் திரும்பிச் சென்சாரில் விழுந்திருக்கிறது. அறை கொஞ்சம் வெளிச்சமாகிவிட்டது என்று எண்ணித் திரை ஒரு படி ஏறியது. ஏறியதும் துண்டிலிருந்து திரும்பும் ஒளி கூடியது. அது கூடியதும் திரை இன்னொரு படி ஏறியது. மேடைப் பேச்சில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் 'கூ' என்று ஊளையிடுமே, அதே சங்கதி. இங்கே சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, பொழுது விடிந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் சாதனம்.

அன்று இரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். அம்மா பக்கத்தில் தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். துண்டைப் போட்டேன். முதலில் நெசவின் இழைகள் மட்டும் தெரிந்தன, மங்கலாக. பிறகு துண்டுக்குள்ளே எதுவோ மூச்சிழுப்பதுபோல ஒளி மெல்ல உப்பியது. கரையின் சிவப்புக் கோடு நிறம் தெரிந்தது. அலமாரியின் எவர்சில்வர் சாமான்களில் பளபளப்பு வந்தது. அம்மாவின் மூக்குத்தி மின்னியது. "பார்த்தாயா?" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். டார்ச் என்று அவள் சொன்னது மிகையல்ல. சட்டென்று வெளிச்சம் வந்தால் திரை உடனே ஏறவேண்டும், இருட்டினால் நிதானமாக இறங்கவேண்டும் என்று வேகங்களையும் நாங்கள்தான் வைத்திருந்தோம். அது சரியான விதிதான். கண்ணும் வெளிச்சத்துக்கு நொடிகளில் பழகும், இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், வயதானால் இன்னும் அதிகம். ஆனால் இங்கே அந்த விதியே அவளுக்கு எதிராக நின்றது. ராத்திரி மூன்று முறை மணி பார்த்தாள் என்றால், அரைமணி நேரம் சேர்த்துவைத்த இருட்டை மூன்று முறை பறிகொடுத்தாள்.

எனக்கு உறைத்தது அந்தச் சுழற்சி இல்லை. அது ஒரு பிழை, பிழை வரும், திருத்தலாம். உறைத்தது வேறு. நாங்கள் சோதனை செய்தபோதெல்லாம் ஒருவர் திரைக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதுமா, எழுத்து தெரிகிறதா, நிறம் சரியா என்று கேட்டோம். கைப்பேசிக்கு அது சரி; பார்க்காத நேரத்தில் அது சட்டைப் பையில் இருக்கும். எப்போதும் எரிகிற வீட்டுச் சாதனத்தை நாளில் எத்தனை நிமிடம் ஒருவர் பார்க்கிறார்? மீதி நேரமெல்லாம் அது பார்க்கப்படாமல் கிடக்கிறது. அந்த நேரத்துக்கான வெளிச்சத்தை யாரும் வடிவமைக்கவே இல்லை. திரையைப் பார்க்காதவரிடம் கருத்துக் கேட்கும் படிவம் எங்களிடம் கிடையாது. அவர் துண்டைத்தான் எடுக்க வேண்டும்.

நுந்தா விளக்கு

சோழர் காலக் கல்வெட்டுகளில் நுந்தா விளக்கு என்று வருகிறது. நுந்துவதென்றால் திரியைத் தூண்டுவது. எந்நேரமும் எரியவேண்டிய கோயில் விளக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்ற கணக்கு திரும்பத் திரும்ப வரும். மூப்பும் சாவுமில்லாத மந்தை என்பதால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். என்னைப்போல வேலை செய்கிறவனுக்கு இதில் கண்ணில் படுவது, விளக்கைத் தானம் செய்தவர் வெளிச்சத்தின் அளவையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது. உழக்குதான். அதற்குமேல் எரிக்க நெய் கிடையாது. எந்நேரமும் எரிவதென்றாலே அடக்கமாக எரிவது என்றிருந்தது.

எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்குக்கும் ஒரு தளம் இருந்தது. திருகை ஒரு அளவுக்குமேல் இறக்கினால் திரி உள்ளே போய் அணைந்துவிடும். ஆனால் அந்தத் தளத்துக்குச் சற்று மேலே ஒரு முத்தளவுச் சுடர் நிற்குமிடம் உண்டு. அம்மாவின் கைக்கு அந்த இடம் இருட்டிலும் தெரியும். "தணித்து வை" என்பார்கள், குறைத்து வை என்று சொல்லமாட்டார்கள். பிறகு வந்த ஜீரோ வாட் பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, பதினைந்து வாட் வரை இழுக்கும். அந்தப் பெயரிலும் எங்கள் '0%' போலவே ஒரு பொய் இருந்தது. ஆனாலும் அது நீலமாகவோ பச்சையாகவோ ஒரு மூலையில் ஒதுங்கி எரிந்தது. இப்போது எங்கள் கூடத்தில் விளக்கை அணைத்த பிறகு எண்ணினால் இணையப் பெட்டி, இன்வெர்ட்டர், குடிநீர்ச் சுத்திகரிப்பான், தொலைக்காட்சி, அதன் பெட்டி என்று ஏழு புள்ளிகள். எதற்கும் திருகு கிடையாது. அம்மா ஒன்றின்மீது ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள்.

அலுவலகத்தில் பதிவேட்டு எண்களைக் காட்டியபோது சிரித்தார்கள். திரையைத் துணி போட்டு மூடுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார் எங்கள் மேலாளர். நான் எண்ணிக்கை சொல்லவில்லை; துண்டைக் கொண்டுபோயிருந்தேன், கூட்ட அறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் போர்த்திக் காட்டினேன். நூறு பக்க அறிக்கைக்குக் கிடைக்காத அமைதி கிடைத்தது.

திருத்தம் சிறியதுதான். சென்சார் ஏதோ வெளிச்சம் என்று சொன்னால் திரை ஏறுவதற்கு முன்பு தன்னைக் கொஞ்சம் தணித்துப் பார்க்கும். அறை வெளிச்சமும் கூடவே தணிந்தால் அது தன் சொந்த வெளிச்சம், ஏறாது. நான் கண்ணை மூடினால் உலகம் இருட்டாகிறதா என்று சோதிப்பதைப்போல. இரவு முகப்பின் வெளிர் நீலப் பின்னணியைக் கறுப்பாக்கினோம், எண்களைச் சாம்பல் நிறமாக்கினோம், பின்விளக்கை அதன் கடைசிப் பங்குவரை இறக்கினோம். எண்கள் அரை நிட்டுக்குக் கீழே வந்தன. இரவில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற பழைய பயத்துக்கும் விடை எளிதாகவே இருந்தது: எங்கே தொட்டாலும் பத்து நொடிக்குப் படிக்கிற அளவு ஒளி வரும், பிறகு தானே தணியும். பார்க்கும்போது ஓர் ஒளி, கிடக்கும்போது ஓர் ஒளி. இரண்டுக்கும் தனித்தனித் தளம். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மின்விசிறி பிரச்சினை மட்டும் ஒரு மாதம் இழுத்தது. குழல்விளக்குக்குக் கீழே விசிறி ஓடினால் இறக்கைகளின் நிழல் சென்சாரை நொடிக்குப் பல தடவை வெட்டிக்கொண்டு போகும்; திரை நடுங்கும். வெளிநாட்டில் எழுதிய நிரல் துண்டில் விசிறியைப் பற்றி யோசனையே இல்லை. சில நொடிகளின் சராசரியை எடுத்துச் சமாளித்தோம்.

பொங்கலுக்கு முன்பு அம்மா மறுபடி வந்தாள். புதிய நிரல் ஏற்றிய சாதனத்தை அதே அலமாரியில் வைத்திருந்தேன். விளக்கணைத்ததும் எண்கள் மட்டும் கரிக்கோட்டில் எழுதியதுபோலத் தெரிந்தன. சுவரில் அதன் சாயலே விழவில்லை. அம்மா பார்த்தாள், தலையை ஆட்டினாள், படுத்துக்கொண்டாள். நடுவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது துண்டு திரைமேல் இருந்தது.

காலையில் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன், இப்போதும் எதற்கு மூடினாய் என்று.

"அது நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி கரண்ட் போய் வந்தால்?" என்றாள்.

போன தடவை ஒரு நாள் விடியற்காலை மின்சாரம் போய்த் திரும்பியபோது, சாதனம் எழுந்து எங்கள் நிறுவனத்தின் சின்னத்தை வெள்ளைப் பின்னணியில் முழு 400 நிட்டில் இருபது நொடி காட்டியிருக்கிறது. எழும் நேரத்தில் ஓடும் நிரலுக்கு ஸ்லைடர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த அமைப்பைப் படிக்கும் பகுதி அதற்குப் பிறகுதான் விழிக்கும். அது வேறு குழுவின் பொறுப்பு. அன்றே அலுவலகம் போனதும் அவர்கள் பெயரில் ஒரு குறை பதிவுசெய்தேன். இரண்டு மாதமாக 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது. துண்டை அம்மா ஊருக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. அலமாரியிலேயே மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.